பேச்சு மட்டும் விளங்கவில்லை!



போன இதழில் மிக்ஸி ஜாரின் வாஷர் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "புது டி.வி. வாங்கினோம். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பேசுவதுதான் விளங்கவில்லை. ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்கிறார் என் கணவர். வாங்கலாமா அக்கா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அட, இது நம் வீட்டுக் கதையாச்சே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கதையைச் சொன்னால் நான் பட்ட அசட்டுத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

நான் பத்தாவது வரை படித்தவள். எலெக்ட்ரிக் சமாசாரமெல்லாம் பள்ளியில் படித்ததில்லை. கல்யாணத்தின்போது என் அண்ணன் கொடுத்த டூ-இன்-ஒன்னைப் பத்து வருஷம் கெடாமல் வைத்திருந்தேன்; பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பதும், சிக்கிய டேப்பைப் பென்சிலால் சுற்றி எடுப்பதும்தான் எனக்குத் தெரிந்த 'டெக்னிக்'. மற்றதெல்லாம் சூடு பட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீடு மதுரையில், அக்கம்பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில். நான், இவர், பிளஸ் டூ படிக்கும் பையன், எழுபத்து நாலு வயது மாமியார். அந்தச் சமயத்தில் என் தங்கையும் ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்திருந்தாள்.

பழைய டப்பா டி.வி. போய்ச் சேர்ந்ததும் 43 அங்குலத்தில் தட்டை டி.வி. ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினோம். அன்று சாயங்காலமே அத்தை சொல்லிவிட்டார்: "படம் நல்லாத்தான் இருக்கு. என்ன பேசுறாங்கன்னுதான் விளங்கலைம்மா."

சத்தத்தைக் கூட்டினோம். இருபதில் இருந்தது முப்பதுக்குப் போயிற்று, முப்பது நாற்பதாயிற்று. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக, "இன்னைக்குச் சீரியல் நானும் பார்த்துட்டேன், கண்ணாலதான் பார்க்கலை" என்று சிரித்தார். பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். அத்தையோ இன்னும், "கேக்கலை, கேக்கலை" என்றுதான் சொன்னார்.

இவர் பண்டிகைத் தள்ளுபடியில் ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கி வந்துவிட்டார். ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். அட்டைப் பெட்டியில் யானை சைஸில் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது. கடைப் பையன் வந்து அரை மணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

என்ன ஆயிற்று தெரியுமா? சண்டைக் காட்சியில் பீரோக் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை அலறிக்கொண்டு எழுந்தது. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "டம் டம்முன்னு இடிக்குதே தவிர ஒரு வார்த்தை புரியலை. கூட்டி வையி" என்றார்.

அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்கே கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்கலையா?" என்று சொல்லிவிட்டேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து கொல்லைப்புறத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார். மறுநாளும் டி.வி. பக்கம் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. "வாங்க அத்தை, உங்க சீரியல் போடறாங்க" என்று கூப்பிட்டால், "எனக்கு எதுக்கும்மா, நீங்க பாருங்க" என்பார். வீடு அமைதியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சென்னையிலிருந்து என் தம்பி வந்தான். ரிச்சி தெருவில் ஒரு கடையில் பல வருஷம் வேலை பார்த்தவன். செட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, சாமான் மேல தப்பில்லை. மாட்டினதுதான் தப்பு" என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். அவன் சொன்னதையும், பிறகு நானே செய்து பார்த்ததையும்தான் இப்போது எழுதுகிறேன்.

ஏன் பேச்சு விளங்குவதில்லை?

பழைய டி.வி.யில் ஸ்பீக்கர் முன்பக்கம் நம்மைப் பார்த்து இருந்தது. இப்போதைய தட்டை டி.வி. பலவற்றில் இடமில்லாததால் சின்ன ஸ்பீக்கரைக் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ வைக்கிறார்கள். சத்தம் சுவரில் முட்டி, தரையில் முட்டித்தான் நம் காதுக்கு வருகிறது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

இன்னொன்றும் உண்டு. சினிமாவுக்கு 5.1 முறையில் ஒலி சேர்க்கும்போது, பேச்சின் பெரும்பகுதியை நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கிறார்கள். இசையும் இரைச்சலும் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கும், இடி முழக்கம் ஊஃபருக்கும் போகும். இதையெல்லாம் டி.வி.யின் இரண்டே ஸ்பீக்கரில் அடைத்தால், கல்யாண வீட்டில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஆகவே காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். டி.வி.யின் ஒலி அமைப்புக்குள் போனால் 'கிளியர் வாய்ஸ்', 'ஸ்பீச்', 'டயலாக்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை வையுங்கள். 'நைட் மோட்' இருந்தால் அதையும் வையுங்கள். பெரிய சத்தத்தைக் குறைத்து, மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். குழந்தை தூங்கும் வீட்டுக்கு இது வரப்பிரசாதம். படம் பார்க்கும் ஆப்களில் சில, மொழி தேர்ந்தெடுக்கும் இடத்தில் 5.1 என்றும் 'ஸ்டீரியோ' என்றும் இரண்டு காட்டும். தனி ஸ்பீக்கர் இல்லாதவர்கள் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு சற்றுத் தெளியும். பாதி வீடுகளில் இதிலேயே காரியம் முடிந்துவிடலாம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

1. ஆயிரம் வாட்டைக் கண்டு மயங்காதீர்கள். பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எண் போட்டிருந்தால், அது ஒரு நொடிக்கும் குறைவாக எகிறுகிற சத்தத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. விடாமல் தரக்கூடியது ஆர்.எம்.எஸ். வாட். அது எவ்வளவு என்று கேளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு ஸ்பீக்கர் ஒன்றுக்கு உண்மையான இருபது, முப்பது வாட் தாராளம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு அது கொஞ்சம்தான். இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதற்கா நாம் காசு கொடுக்க வேண்டும்?

2. சிறு கூடத்துக்கு ஒரு நல்ல சவுண்ட் பார் போதும். டி.வி.க்கு முன்னால் வைத்துவிடலாம், வயர் தொல்லை குறைவு. பேச்சுதான் முக்கியம் என்றால் நடு ஸ்பீக்கர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 2.1 என்றால் இடம், வலம், ஊஃபர். 3.1 என்றால் நடுவிலும் ஒன்று உண்டு என்று பொருள். 5.1 முழு செட் எல்லாம் உட்காரும் இடத்துக்குப் பின்னாலும் இடமுள்ள வீட்டுக்குத்தான்.

3. கடையில் சண்டைப் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் விளங்கினால் சரி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

4. டி.வி.யின் பின்பக்கம் ஹெச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில் ஏ.ஆர்.சி. அல்லது ஈ-ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்து, போனில் படம் பிடித்துக் கடைக்குக் கொண்டு போங்கள். அது இருந்தால் ஒரே வயரில் வேலை முடிந்தது.

எங்கே வைப்பது?

எங்கள் நடு ஸ்பீக்கரைக் கடைப் பையன் டி.வி. ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், நான் வைத்திருந்த பூஜாடிக்குப் பின்னால் சொருகியிருந்தான். ஊஃபரையோ இரண்டு சுவர் கூடும் மூலையில் வைத்திருந்தான். மூலையில் வைத்தால் 'தும் தும்' பெருகும். பேச்சு அதில் மூழ்கும். தம்பி ஊஃபரை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, அதன் அளவையும் பாதியாகக் குறைத்தான். பீரோக் கண்ணாடி அதிர்வது நின்றது.

நடு ஸ்பீக்கர் டி.வி.க்கு நேர் கீழே, எதுவும் மறைக்காமல், தட்டின் விளிம்புவரை முன்னால் வர வேண்டும். இட, வல ஸ்பீக்கர்கள், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருந்தால் நல்லது. அத்தை தரையில் பாய் போட்டு உட்காருபவர். எங்கள் ஸ்பீக்கரோ பரண் உயரத்தில் இருந்தது! யார் எங்கே உட்காருகிறார்களோ அதைப் பார்த்து வையுங்கள்.

நம் வீடுகளில் மொசைக் தரை, வெறும் சுவர். கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று எதிரொலித்தால் பேச்சும் அப்படித்தான் குழம்பும். ஒரு ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். செலவும் இல்லை.

மற்றொன்று, என் கைவேலைப் பிரியம்! ஆம்ப்ளிஃபயர் மேல் குரோஷா விரிப்புப் போட்டு, அதன் மேல் பொம்மையும் வைத்திருந்தேன். மேலே உள்ள துளைகள் சூடு வெளியேறத்தான் இருக்கின்றன. மூடினால் உள்ளே வெந்து போகும். மேலேயும் பக்கங்களிலும் நாலைந்து அங்குலம் இடம் விடுங்கள். தூசிக்குப் பயந்தால், அணைத்துச் சூடு ஆறிய பிறகு மூடுங்கள்.

ஆளைக் கூப்பிடுமுன்

முதலில் ஒரு சத்தியம் செய்துகொள்ளுங்கள்: வயரைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கக்கூடியதை மட்டும் நாம் பார்ப்போம்.

சத்தமே வரவில்லையா? டி.வி. அமைப்பில் ஒலி 'வெளி ஸ்பீக்கர்' அல்லது ஏ.ஆர்.சி. என்று இருக்கிறதா, சி.இ.சி. என்பது 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் வராவிட்டால் டிஜிட்டல் ஒலியைப் பி.சி.எம். என்று மாற்றிப் பாருங்கள். ஆப்டிகல் வயர் என்றால், அதன் இரு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே சொருகிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் உண்டு. சரியாக இருந்தால் முனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும்.

குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மெலிந்து கலைந்து வருகிறதா? எங்கள் வீட்டில் இதுதான் பெரிய குற்றம். ஸ்பீக்கர் வயரில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு உண்டு. ஒரு பக்கம் சரியாகவும் மறு பக்கம் மாற்றியும் மாட்டியிருந்தால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தி கேளுங்கள். குரல் நட்ட நடுவிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றி மாட்டிப் பாருங்கள்.

ஒரு பக்கம் ஊமையா? ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இட வயரையும் வல வயரையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். மறுபடி அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ கோளாறு. ஊமை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் கோளாறு ஆம்ப்ளிஃபயர் பக்கம். ரிப்பேருக்கு எதை எடுத்துப் போவது என்று இதில் தெரிந்துவிடும். அலைச்சல் மிச்சம்.

'ம்ம்ம்' என்று தேனீ மாதிரி இரைகிறதா? வெளியிலிருந்து வரும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றியதும் நின்றால் எர்த் தொடர்பான தொல்லை. டி.வி., செட் டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பிளக் பலகையில் சொருகினாலே பல சமயம் சரியாகும். இல்லாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் நிற்கிறதே என்று பிளக்கின் மூன்றாவது காலை உடைத்துவிடாதீர்கள். அது உயிரைக் காப்பது.

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா? உள்ளே தூசி. அணைத்துவிட்டு இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். போகாவிட்டால் 'கான்டாக்ட் கிளீனர்' அடிக்க மெக்கானிக்கிடம் கொடுங்கள். தேங்காயெண்ணெய் விடுகிற வேலை வேண்டாம். அதில் தூசி இன்னும் ஒட்டும்.

தானாகவே அணைந்து அணைந்து எரிகிறதா? ஒன்று, சூடு. இல்லையென்றால் ஸ்பீக்கர் வயரின் நுனியில் பிரிந்த ஒரு இழை பக்கத்து வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இழைகளை இறுக்கி முறுக்கிச் சொருகுங்கள்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமா? பேச்சு பிந்தி வந்தால், ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வயர் போட்டால் பெரும்பாலும் தீரும். 'ஆடியோ டிலே' என்பதைப் பூஜ்யத்தில் வையுங்கள். பேச்சு முந்தி வந்தால் அதே டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? போனில் முன்பக்கக் காமிராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டி அமுக்குங்கள். திரையில் சின்ன வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் நன்றாயிருக்கிறது. சில ரிமோட்டுகள் ப்ளூடூத்தில் இயங்குபவை. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இடி மின்னல் வந்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மழை தொடங்குமுன்பே பிளக்கையும், டிஷ் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில்

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். சவுண்ட் பாரோடு வரும் மெல்லிய ரிமோட்டுகள் பலவற்றில் காசு மாதிரி வட்ட பேட்டரி இருக்கும். என் தங்கை குழந்தை அந்த ரிமோட்டைத் தரையில் அடித்து, மூடி திறந்து, பேட்டரி உருண்டு ஓடியபோது, என் பையன் பாய்ந்து எடுத்தான். பிறகுதான் அது எவ்வளவு பெரிய கண்டம் என்று குழந்தை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வட்ட பேட்டரி உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அழுகைகூட இல்லாமல், எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சாதாரணமாகத் தோன்றலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; சோறோ பழமோ கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். ஒரு வயது தாண்டி, விழுங்கக்கூடிய நிலையில் உள்ள குழந்தை என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனுக்காகக் கிளம்புவதைத் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அவசரம்தான்.

அதனால் மூடியில் திருகாணி உள்ள ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மூடி மேல் பலமான டேப் சுற்றுங்கள். தீர்ந்த பேட்டரியையும் டேப்பில் சுற்றி உயரத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள். தீர்ந்ததிலும் காயப்படுத்தும் அளவுக்குச் சக்தி மிச்சமிருக்கும்.

சத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மூன்று டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். டெசிபல் அளக்க நம்மிடம் கருவி ஏது? கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் உரக்கப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அதிகம். அவ்வளவுதான் கணக்கு.

கடைசியில் என்ன ஆயிற்று?

தம்பி எல்லாவற்றையும் சரி செய்தான். எனக்குக் கண்ணை மூடினாலும் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கிற்று, பதினெட்டிலேயே. இவருக்கும் பரம சந்தோஷம். அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தோம். "இப்ப எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டான் தம்பி.

"தேவலைப்பா" என்றார். அந்தத் 'தேவலை'யில் சுரத்தே இல்லை.

தம்பி கொஞ்ச நேரம் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சமையலறைக்கு வந்து மெதுவாகக் கேட்டான்: "ஏக்கா, ஆம்பளைங்க பேசுறது அத்தைக்கு விளங்குது, பொம்பளைங்க, பிள்ளைங்க பேசினா விளங்கலை, கவனிச்சியா? பால் குக்கர் விசில் கேக்குதா அவங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் பால் குக்கர் அலறி வற்றியிருக்கிறது, பக்கத்திலேயே அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்! "பார்த்துக்கிட்டே இருக்கீங்களே" என்று நான் முணுமுணுத்ததுண்டு. போன் மணி அடித்தால் எடுக்க மாட்டார். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு தனி அறையில் உட்கார வைத்து, காதில் மெல்லிய சத்தம் கொடுத்துச் சோதனை. டாக்டரம்மா ஒரு கோடு போட்ட தாளைக் காட்டி விளக்கினார்: வயதாகும்போது முதலில் குறைவது உச்சமான சத்தங்களைக் கேட்கும் திறன். 'ச', 'ஸ', 'த', 'க' போன்ற மெய்யெழுத்து ஒலிகளின் கூர்மை அதில்தான் இருக்கிறது. அவை கேட்காவிட்டால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. வால்யூமைக் கூட்டினால் 'தும் தும்' தான் கூடுகிறது. அது மிச்சமிருக்கும் எழுத்துகளையும் மூடிவிடுகிறது.

"கேக்கலை" என்று அத்தை சொன்னது பொய்யில்லை. "விளங்கலை" என்று முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை. டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: காது கேளாதவர்கள் மெல்ல மெல்லப் பேச்சை விட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்க ஒதுங்க மனமும் மந்தமாகும். மறதி நோய்க்கு நாம் தடுக்கக்கூடிய காரணங்களில் காது கேளாமையும் ஒன்று என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழுவும் சொல்லியிருக்கிறது. நான் கொல்லைப்புறத் திண்ணையை நினைத்துக்கொண்டேன்.

இப்போது அத்தை காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். முதல் இரண்டு வாரம், "பாத்திரம் வைக்கிற சத்தம் மண்டையைப் பொளக்குது" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். தினமும் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். கருவி வாங்கிய மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழக வேண்டும், டாக்டரிடம் திரும்பப் போய் அளவு சரி செய்துகொள்ளவும் வேண்டும். டி.வி. இப்போது பதினாலில் ஓடுகிறது. பையன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டான்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அத்தை, அன்னைக்கு நான் கோபத்துல ஏதோ சொல்லிட்டேன்..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை தலை நிமிராமல், "ஊருக்கே கேக்குதுன்னு சொன்னியே, அதுவா? அது அன்னைக்கே நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே சிரித்து, "சரி விடு, குக்கர் விசில் அடிக்குது பாரு" என்றார்.

ஆமாம், விசில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அதனால், கடிதம் எழுதிய சகோதரியே, ஹோம் தியேட்டர் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் டி.வி. அமைப்பைப் பாருங்கள், கூடத்தில் ஜமக்காளம் விரியுங்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லை என்றால், கடைக்குப் போகுமுன் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்த இதழில், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் ஏன் சீக்கிரம் கறுத்துப் போகிறது என்று பார்ப்போமா? வரட்டுமா!